கபாலி யாரிடம் சரணடைந்தான்?

2016-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், பா. ரஞ்சித் இயக்கிய 'கபாலி' வெளிவந்த முதல் வாரத்தில், மலேசியாவின் கிள்ளான் நகரில் உள்ள ஒரு திரையரங்கில் இரண்டு நாள் சீட்டுக் கிடைக்காமல் திரும்பி, மூன்றாம் நாள் முன்வரிசையில் கழுத்தை அண்ணாந்தபடியே அப்படத்தைப் பார்த்து முடித்தேன். தோட்டத் தொழிலாளர் உரிமைக்காகக் குரல் கொடுத்துப் பொதுவாழ்வில் கால்வைத்து, பின்னர் குண்டர் கும்பல்களின் உலகத்துக்குள் இழுக்கப்பட்டு, 25 ஆண்டுச் சிறைவாசத்துக்குப் பின் வெளியே வரும் ஒரு மனிதனின் கதை அது. தமிழ்நாட்டில் ஓடிய பிரதியில், பள்ளி விழா ஒன்றில் டைகர் என்னும் இளைஞன் கபாலியை நெருங்குகிறான், திரை இருளுகிறது, வெடியோசை மட்டும் கேட்கிறது, விழுந்தவன் யார் என்பது பார்ப்பவன் மனத்துக்கே விடப்படுகிறது. மலேசியத் திரையரங்குகளில் ஓடிய பிரதியிலோ, கபாலி காவல் துறையிடம் சரணடைந்தான் என்னும் அறிவிப்பு எழுத்தில் தோன்றிய பின்னரே படம் முடிந்தது. என் பக்கத்து இருக்கையில் இருந்தவர், எழுந்து ஓடத் துடித்த தம் மகனைத் தோளைப் பிடித்து உட்கார வைத்து, அந்த வாசகத்தை அவனுக்குப் படித்துச் சொன்னார். பையனுக்குப் பத்து வயது இருக்கலாம். "யார்கிட்டப்பா?" என்று கேட்டான். "போலீஸ்கிட்ட." "ஏன்?" தகப்பனார் வாயைத் திறப்பதற்குள் அரங்கில் விளக்குகள் எரிந்துவிட்டன, கூட்டம் அவர்களைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

அந்தச் சிறுவன் கேட்ட இரண்டு கேள்விகளும் மேனாட்டுத் தத்துவ ஞானிகள் இருபத்துநான்கு நூற்றாண்டுகளாக விடாமல் கேட்டுவரும் கேள்விகளே. தனிமனிதன் சமுதாயத்துக்கு எதனால் கடமைப்பட்டவன்? அவன் தலைவணங்க வேண்டியது எவரிடம், எந்த நியாயத்தின் பேரில்? இவற்றைப் பல்கலைக்கழகத்து வகுப்பறைக்குரிய விவகாரம் என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். ஆனால் நமது கிள்ளான் பள்ளத்தாக்கைக் களமாகவும் நம் மக்களைப் பாத்திரங்களாகவும் கொண்டு எழுந்த சில படங்களைச் சற்றே நின்று பார்ப்போமாயின், அந்தக் கேள்விகள் நம் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பது தெரியவரும்.

படத்தின் முடிவில் தோன்றிய அந்த அறிவிப்புக்குப் பின்னால் நிற்கும், குற்றவாளி சட்டத்துக்குத் தப்பிவிட்டதாக ஒரு கதை முடியலாகாது என்னும் எண்ணத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன். அதற்கு மிகப் பெரியதொரு வமிசாவளி இருக்கிறது. பிளேட்டோ தமது 'குடியரசு' நூலில், அநீதி செய்தவன் சுகமாக வாழ்கிறான் என்றும் நீதிமான் துன்புறுகிறான் என்றும் கவிஞர்கள் பாட அனுமதிக்கலாகாது என்று வாதாடினார். இளம் உள்ளங்கள் மெழுகைப் போன்றவை, கதை எந்த முத்திரையை வைக்கிறதோ அது அப்படியே பதிந்துவிடும் என்பது அவர் அச்சம். நமது தணிக்கை முறையின் உள்ளே குடியிருப்பதும் ஏறக்குறைய அதே அச்சந்தான். இதற்கு எதிர்ப்புறத்தில் 1859-இல் ஜான் ஸ்டூவர்ட் மில் எழுதிய 'சுதந்திரம் பற்றி' என்னும் நூல் நிற்கிறது. ஓர் அபிப்பிராயத்தை அடக்குவது அதைச் சொல்பவனுக்கு மட்டுமன்றி, அதைக் கேட்டு மறுக்கும் வாய்ப்பை இழக்கும் மனிதகுலம் முழுவதற்குமே நஷ்டம் என்று அவர் நிறுவ முயன்றார். இவ்விருவருள் நான் மில்லின் பக்கம் சாய்பவன். ஆயினும் என்னை அன்றிரவு உறங்கவிடாமல் செய்தது தணிக்கைப் பிரச்சினை அன்று; 'சரணடைந்தான்' என்ற அந்த ஒரு சொல்.

சரணம் என்பது நம் சமயமரபில் ஒருபக்கச் செயல் அன்று. விபீஷணன் சரணம் என்று வந்தபோது, அவனை ஏற்பதா விலக்குவதா என்று வானர சேனையில் பெரும் விவாதம் நடந்தது. ஏற்றுக்கொண்ட கணத்திலிருந்து அவனைக் காப்பது இராமனின் தருமமாகிவிட்டது. சரணடைபவனுக்குப் பணிவு எப்படி விதியோ, சரணம் தருபவனுக்குப் பாதுகாப்பும் அப்படியே விதி. மேனாட்டிலும் இதனை ஒத்த சிந்தனை உண்டு. கி.மு. 399-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டுச் சிறையில் இருந்த சாக்ரடீஸைத் தப்பிச் செல்லுமாறு கிரிட்டோ என்னும் நண்பர் மன்றாடுகிறார். சாக்ரடீஸோ, ஏதென்ஸ் நகரத்துச் சட்டங்களே உயிர்பெற்று வந்து தம்மிடம் பேசுவதாகக் கற்பித்துக்கொண்டு விடை கூறுகிறார். நாங்கள் அல்லவா உன்னைப் பிறப்பித்தோம், வளர்த்தோம், கல்வி தந்தோம், விரும்பினால் உடைமைகளோடு வெளியேறலாம் என்று வாயிலையும் திறந்து வைத்திருந்தோம், எழுபது ஆண்டு இங்கேயே இருந்துவிட்டு இப்போது எங்களை அழிக்கப் பார்ப்பது நியாயமா என்று அச்சட்டங்கள் கேட்கின்றன. சாக்ரடீஸ் பணிகிறார், நஞ்சை அருந்துகிறார். அவர் பணிந்ததற்கு ஆதாரம் சட்டத்தின் பலம் அன்று, சட்டம் அவரை வளர்த்த கடன் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அப்படியானால், பால்மரக் காட்டில் லயத்து வீட்டில் பிறந்த ஒரு பிள்ளையிடம் இந்நாட்டுச் சட்டம் அவ்வாறு வந்து நின்று பேசியிருக்குமாயின், எந்தக் கடனைச் சுட்டிக்காட்டியிருக்கும்?

கிள்ளானில் வாழும் எவரும் 1941-ஆம் ஆண்டை மறக்கலாகாது. அவ்வாண்டு இவ்வட்டாரத்துத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளுள் கூலி உயர்வு இருந்தது; பிள்ளைகளுக்குக் கல்வியும், நல்ல மருத்துவ வசதியும், கள்ளுக்கடை மூடலும், தோட்டத்துப் பெண்களின் மானத்துக்குப் பாதுகாப்பும் இருந்தன. அவற்றோடு, துரைமாரையும் தோட்டத்து அதிகாரிகளையும் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்தது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தில் முன்னின்ற ஆர்.எச். நாதன், 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணியாற்றியவர். அவர் மே மாதத்தில் கைது செய்யப்பட்டார். கொதித்தெழுந்த தொழிலாளர்மீது படை ஏவப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். 'கபாலி'யில் கதாநாயகனுக்கு வழிகாட்டியாக வரும் தலைவரின் பெயர் தமிழ்நேசன் என்று இருப்பதைக் கேட்டபோதெல்லாம், 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன அந்தப் பத்திரிகையும், அதன் மேசையிலிருந்து எழுந்து போன அந்த மனிதரும் என் நினைவுக்கு வருவார்கள்.

சைக்கிள் கோரிக்கையை நான் ஏட்டில் படித்து அறிந்தவன் அல்லன். என் பாட்டனார் பால்வெட்டுத் தொழிலாளி. சைக்கிளின் பின்புறத்தில் இருபக்கமும் பால் வாளிகளைக் கட்டிக்கொண்டு, செம்மண் பாதையின் மேட்டில் அவர் வேர்க்க வேர்க்க மிதித்து ஏறும்போது, எதிரே துரையின் கார் தூசி கிளப்பிக்கொண்டு வந்தால், பாதி மேட்டில் குதித்து இறங்கி, சரியும் வண்டியை இடுப்பால் முட்டுக்கொடுத்து நிறுத்தி, தலைத்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வாளியிலிருந்து பால் சிந்தினால் அந்த நஷ்டம் அவருடைய கணக்கில் ஏறும். கார் போன பிறகு மேட்டில் மறுபடியும் ஏறி மிதிக்க முடியாது. உச்சி வரை தள்ளிக்கொண்டே போக வேண்டும். "கூலி கொறைஞ்சதுகூட வயித்தோட போச்சுடா, அந்த எறங்குறது இருக்கே, அதுதான்…" என்று சொல்லி நிறுத்துவார். வாக்கியத்தை அவர் ஒருநாளும் முடித்ததில்லை.

ஜெர்மானியத் தத்துவாசிரியர் ஹெகல் 1807-இல் வெளியிட்ட நூலில் ஆண்டான் அடிமை உறவைப் பற்றி எழுதிய கடினமான பகுதி, பாட்டனார் முடிக்காமல் விட்ட அந்த வாக்கியத்தின் விரிவுரையாகவே எனக்குப் படுகிறது. மனிதன் தன்னைத் தானே தனியாக அறிந்துகொள்ள முடியாது. மற்றொரு மனிதன் தன்னை மனிதனாக அங்கீகரிக்கும்போதுதான் 'நான்' என்ற பிரக்ஞை அவனுக்குள் முழுமை பெறுகிறது. தனிமனிதன் முதலில் தோன்றி, பிறகு பலர் கூடி உடன்படிக்கை செய்துகொண்டு சமுதாயத்தை அமைத்தார்கள் என்று ஹாப்ஸ் முதலிய அறிஞர்கள் கற்பனை செய்தனர். ஹெகலோ, அங்கீகாரம் இல்லாத இடத்தில் தனிமனிதன் என்ற ஒருவனே உருவாவதில்லை என்கிறார். அதற்கும் மேலாக, தான் மதிக்காத அடிமையிடமிருந்து கிடைக்கும் வணக்கத்தால் ஆண்டானுக்கும் நிறைவு உண்டாகாது என்கிறார். சைக்கிளைவிட்டு இறங்கி நின்றவரும் குறைவுபட்டார். காரில் போனவரும் குறைவுபட்டார். 'கபாலி'யில் கதாநாயகன் கோட்டு அணிவதையும், கால்மேல் கால் போட்டு அமர்வதையும் வெறும் நட்சத்திர ஆடம்பரமாகக் கண்டவர்கள் பலர். அந்தக் காலைக் கீழே இறக்கி வைத்த மூன்று தலைமுறைகளை அறிந்தவர்களுக்கு, அந்த நாற்காலி வேறொரு பாஷையில் பேசும்.

இனி, இப்பொருளில் இந்நாட்டில் பிறந்த படங்களுள் தலையாயது என்று நான் மதிக்கும் 'ஜகாட்' படத்துக்கு வருகிறேன். சஞ்சய் குமார் பெருமாள் எழுதி இயக்கிய இது, 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்தது. காலம் 1990-களின் தொடக்கம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரங்கள் சாய்க்கப்பட்டு, அங்கே பிறந்து வளர்ந்த குடும்பங்கள் நகரத்தின் ஓரங்களில் புறம்போக்கு நிலத்துப் பலகை வீடுகளில் வந்து விழுந்த காலம். அப்போய் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன். உழைத்து உழைத்தே களைத்துப்போன தகப்பன் மணியம். போதையிலிருந்து மீளப் போராடும் சிற்றப்பன் பாலா. குண்டர் கும்பலில் கொடிகட்டிப் பறக்கும் மற்றொரு சிற்றப்பன் 'மெக்சிகோ'. படத்தின் பெயர், கெட்டவன் என்று பொருள்படும் 'ஜஹாட்' என்ற மலாய்ச் சொல்லை நம்மவர் நாக்கு தன் வசதிக்கு வளைத்துக்கொண்ட வடிவம். நம் வீடுகளில் நாள்தோறும் புழங்கும் வசைச்சொல் அது. குறும்பு செய்யும் குழந்தை முதல் கத்தி எடுப்பவன் வரை எல்லாரும் நமக்கு ஜகாட்தான்.

அப்போய்க்கு அறிவு இருக்கிறது. கற்பனை அதைவிட அதிகமாக இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு வேண்டியது மனப்பாடம். தகப்பனுக்கு வேண்டியது தம்மைப்போல் ஆகாத ஒரு மகன். அன்பு இல்லாத தகப்பன் அல்லர் மணியம். அன்பைப் பிரம்பின் வழியாக அன்றி வேறு வழியில் கொடுக்கத் தெரியாதவர், அவருக்கும் எவரும் வேறு வழியில் கொடுத்ததில்லை. வீட்டிலும் அடி, பள்ளியிலும் அடி, இரண்டு இடத்திலும் ஒரே பட்டம். தன்னைக் கண்டதும் முகம் மலர்ந்து பெயர் சொல்லி அழைக்கும் இடம் மெக்சிகோவின் கூட்டாளிகள் கூடும் இடமாக இருந்துவிட்டால், ஒரு சிறுவனின் கால் எந்தப் பக்கம் நடக்கும் என்பதை இயக்குநர் உரத்த வசனம் ஒன்றும் இல்லாமல் காட்டிவிடுகிறார்.

பிரெஞ்சுத் தத்துவாசிரியர் சார்த்தர், ழான் ஜெனே என்ற எழுத்தாளரைப் பற்றி 1952-இல் ஒரு பெருநூல் எழுதினார். ஜெனே அநாதை, வளர்ப்புப் பெற்றோர் வீட்டில் வளர்ந்தவர். சிறுவயதில் எதையோ எடுக்கும்போது கையும் களவுமாகப் பிடிபட்டு, 'நீ திருடன்' என்று சொல்லப்பட்ட அந்தக் கணத்தை வைத்தே சார்த்தர் அவருடைய வாழ்வு முழுவதையும் விளக்கப் புகுகிறார். அதுவரையில் அச்சிறுவன் செய்தது ஒரு செயல். அந்தச் சொல் விழுந்தபின் அது அவனுடைய சுபாவம் ஆகிவிட்டது. பிறர் கண்களால் தன்னைப் பார்க்கப் பழகிய குழந்தை, அவர்கள் சொன்னதுதான் தான் என்று நம்பி, பிறகு வீம்பாக அதையே தன் விருப்பமாகவும் ஏற்றுக்கொள்கிறது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். அந்த வாயிலிருந்து விழும் சொல் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் எவ்வளவு கனமாக இறங்கும் என்பதைப் பாரிஸ் நகரத்து ஞானி எழுநூறு பக்கங்களுக்கு எழுத வேண்டியிருந்தது. அப்போயும் ஜெனேயும் ஒரே சொல்லின் கீழ் வளர்ந்த சகோதரர்கள்.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழும். அதை நானே பலமுறை எனக்குள் எழுப்பியிருக்கிறேன். இப்படிச் சமுதாயத்தின் தலையிலேயே பழியைப் போட்டுக்கொண்டு போனால், கத்தி எடுத்தவனுக்குப் பொறுப்பே இல்லையா? கிள்ளானிலும் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸிலும் கும்பல் சண்டைகளில் பிள்ளையை இழந்த தாய்மாரின் முகத்தைப் பார்த்து இந்தத் தத்துவத்தைச் சொல்ல முடியுமா? முடியாது. சார்த்தரும் அதற்கு இடம் தரவில்லை. மனிதன் தன்னை ஆக்கிக்கொள்வதற்குத் தானே முழுப் பொறுப்பாளி என்பதுதான் அவருடைய சித்தாந்தத்தின் உயிர்நாடி. 'ஜகாட்'டின் நேர்மையும் இங்கேதான் இருக்கிறது. ஒரே தோட்டத்து மண்ணிலிருந்து பிடுங்கப்பட்ட மணியம் நேர்மையாக உழைக்கிறார்; பாலா விழுந்து எழப் பார்க்கிறார்; மெக்சிகோ குறுக்கு வழியில் உயர்கிறார். மூவருக்கும் சூழ்நிலை ஒன்றே, பாதைகள் மூன்று. ஆகையால் தேர்வு என்பது இருந்தது. ஆனால் நேர்மையின் பாதையில் சென்ற மணியத்துக்குக் கிடைத்த வெகுமதி என்ன என்பதையும் படம் மறைக்கவில்லை; அந்த வீட்டுக் கூரை ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டேதான் மகன் தன் தேர்வைச் செய்கிறான். தோட்டத்தில் சுரண்டல் இருந்தது உண்மை. ஆயினும் கோயில், திருவிழா, தமிழ்ப்பள்ளி, பெரியவர் சொல் என்று வாழ்க்கைக்கு ஒரு வரம்பும் இருந்தது. அந்த வரம்பு ஒரே தலைமுறையில் இடிந்து, புதியதொன்று எழாத இடைவெளியைத்தான் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம் நெறிபிறழ்ந்த நிலை என்று வருணித்தார். தனிமனிதனின் பொறுப்பை நான் மறுக்கவில்லை. பொறுப்புக் கணக்கில் ஒரே ஒரு பெயரை மட்டும் எழுதிவிட்டு ஏட்டை மூடுவதைத்தான் மறுக்கிறேன்.

படம் வெளிவந்த பின் நடந்தது, படத்துக்குள் நடந்ததன் தொடர்ச்சிபோல் இருந்தது. 2016-ஆம் ஆண்டின் 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில், மலாய் மொழியில் அமையாத படங்களுக்கு என்று தனியொரு பிரிவு வகுக்கப்பட்டு, 'ஜகாட்'டும் நம் தேசியக் காற்பந்துக் குழுவைப் பற்றிய 'ஓலா போலா'வும் அதற்குள் ஒதுக்கப்பட்டன. இந்த மண்ணில் எடுத்த படத்தை, இந்த மண்ணின் படங்களோடு ஒரே வரிசையில் நிறுத்தத் தயக்கம். அப்போய்க்குச் சூட்டப்பட்டதைப்போல் அப்போயின் கதைக்கும் ஒரு தனிப்பெயர் சூட்டப்பட்டது. அப்போது எதிர்ப்புக் குரல் எழுப்பியவர்களுள் முன்னணியில் நின்றவர் ஒரு தமிழர் அல்லர். முகமட் நோர் காசிம் என்னும் மூத்த ஒளிப்பதிவாளர். தாம் அவ்விழாக்களில் பெற்ற பரிசுகளைத் திருப்பிக் கொடுத்து அவர் தம் மறுப்பைத் தெரிவித்தார். பிரிவினை மாற்றப்பட்டது, எல்லா மொழிப் படங்களுக்கும் திறந்திருந்த சிறந்த மலேசியப் படத்துக்கான விருது 'ஜகாட்'டுக்கே கிடைத்தது. பெரும்பான்மையின் வழக்கத்துக்கு எதிராக ஒரு தனிமனிதனின் மனசாட்சி நிற்க முடியும் என்பதற்கு நான் ஏதென்ஸ் வரை போக வேண்டியதில்லை. தமக்கு நஷ்டம் ஒன்றும் இல்லாத விஷயத்தில், தம் வீட்டு அலமாரியை வெறுமையாக்கிக்கொண்ட அந்த மனிதரை நினைக்கும்போது எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது.

இதே வரிசையில் தீபக் குமாரன் மேனன் இயக்கிய இரண்டு படங்களையும் குறிப்பிடாமல் போவது தகாது. 2005-இல் வந்த 'செம்மண் சாலை', தோட்டத்தில் இருந்துகொண்டு மேற்படிப்புக்கு ஏங்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. அதன்பின் வந்த 'சலங்கை', பிரிக்பீல்ட்ஸில் பூ விற்றுப் பிழைக்கும் ஒரு குடும்பத்துச் சிறுமி நடனம் கற்க ஆசைப்படுவதைச் சொல்வது. இவற்றில் குண்டரும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. குடும்பத்தின் தேவை ஒருபுறம், ஒரு பெண்பிள்ளையின் ஆசை ஒருபுறம், இடையே யாரும் யாரையும் வெறுக்காத ஒரு மௌனப் போராட்டம். 2010-இல் குட்டி இந்தியா என்று வளைவுகளும் வண்ணங்களும் பூண்டுவிட்ட அந்தத் தெருக்களில் இன்று நடக்கும்போது, பூத்தொடுக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தவுடன் எனக்கு அச்சிறுமியின் பாதங்கள் நினைவில் வரும்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். நம் இடைநிலைப் பள்ளிகளில் நன்னெறிக் கல்வி என்றொரு பாடம் இருக்கிறது. நம் பிள்ளைகள் பண்புகளின் பட்டியலை அதில் மனப்பாடம் செய்து தேர்வில் கக்குகிறார்கள். மேல் வகுப்பு மாணவர்க்கு அந்தப் பாடவேளையில் 'ஜகாட்'டைத் திரையிட்டு, கிரிட்டோவிடம் சாக்ரடீஸ் சொன்ன விடையை எளிய தமிழில் வாசித்துக் காட்டி, அப்போயிடம் சட்டம் வந்து பேசினால் என்ன சொல்லும், அதற்கு அவன் என்ன மறுமொழி சொல்வான் என்று ஒவ்வொருவரையும் எழுதச் சொல்ல வேண்டும். பள்ளிகளுக்கு ஒழியவில்லையானால் கோயில் மண்டபங்கள் இருக்கின்றன, வாசகர் வட்டங்கள் இருக்கின்றன. பெற்றோரும் கூட உட்கார வேண்டும் என்பது முக்கியம்.

சென்ற மாதம் ஒரு மாலை, கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் ஒரு பலகாரக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஐந்து வயதிருக்கும் ஒரு பையன் தாயின் பிடியை உதறிக்கொண்டு சாலைக்குள் ஓட, ஒரு மோட்டார் சைக்கிள் கிறீச்சிட்டு நின்றது. தாய் பாய்ந்து அவனை இழுத்து, "ஜகாட்! ஜகாட்!" என்று முதுகில் இரண்டு வைத்தாள். வைத்த கையாலேயே அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, உள்ளங்காலில் ஒட்டியிருந்த கல்லைத் தட்டிவிட்டு, கண்ணைத் துடைத்தாள், அவளுடைய கண்ணை. பையன் அழவில்லை. அவள் தோள்மேல் முகவாயை வைத்துக்கொண்டு, அந்தச் சொல்லைத் தனக்குள்ளேயே மெல்லச் சொல்லிப் பார்த்தபடி, என்னையே பார்த்துக்கொண்டு போனான்.